நூற்றெட்டுப் பூவும் பதினாறு வீட்டுக் காயும்

வைஜயந்தி சிஞ்ச்வட்டில் பற்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில், முப்பத்தோரு வருஷம் இருந்தவள். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, கோணலாக இருந்தால் சிவப்புச் சீட்டு. இதுதான் வேலை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அந்தக் கை அடங்கவில்லை. இட்லியைத் தட்டில் வைக்கும்போது ஓரம் உடைந்ததைத் தனியே ஒதுக்குவாள். கணவர் ஜம்புநாதன் சட்டை மாட்டிக்கொண்டு வந்தால் மேலும் கீழும் பார்த்து, "ரெண்டாவது பட்டன் தொங்கறது, கழட்டுங்கோ" என்பாள்.

"என்னை எப்போ ரிஜெக்ட் பண்ணப்போறே வைஜூ?"

"வாரண்ட்டி முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. இனிமே யார் திருப்பி எடுத்துப்பா?"

மனிதர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றிவிடுவார். ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தரவு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

இருவரும் கோந்த்வாவில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாவது மாடியில் குடியிருந்தார்கள். மொத்தம் பதினாறு வீடுகள், அதில் தமிழ் பேசும் வீடு இது ஒன்றுதான். ஓய்வு பெற்ற முதல் ஆறு மாசம் வைஜயந்தி பட்ட பாடு அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும். காலை ஏழு மணிக்குக் கைப்பையைத் தேடுவாள். எங்கும் போக வேண்டாம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். கடைசியில் ஒருநாள் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்தாள். நாலு நாற்பதாயிற்று. காலி பெயின்ட் டப்பா, உடைந்த வாளி, யாரோ தூக்கிப் போட்ட குளியல் தொட்டி என்று எது கிடைத்தாலும் அதில் மண். சமையலறைக் கழிவெல்லாம் எரு. பூச்சி மருந்து என்ற பேச்சே கிடையாது. வேப்பெண்ணெயும் புளித்த மோரும்தான். அந்த மாடி அவளுக்கு ஆபீஸ் ஆகிவிட்டது. அது இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

வந்தது வம்பு. ஏப்ரல் மாதக் கூட்டத்தில் கட்டடச் செயலாளர் ஜோக்லேகர் எழுந்து, மொட்டைமாடி ஒழுகும், கொசு வரும் என்று ஆரம்பித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சட்டம் என்றால் சட்டம். தன் வீட்டுக் கதவுக்கு வெளியே செருப்பு விட்டதற்குத் தனக்கே நோட்டீஸ் ஒட்டிக்கொண்டவர்.

"வஹினி, மாடி பதினாறு வீட்டுக்கும் பொது. செடி உங்க ஒருத்தருடையது. மத்தவங்களுக்கு இதனால என்ன லாபம்?" என்றார் மராத்தியில். வஹினி என்றால் அண்ணி.

அது வைஜயந்திக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததும் நாக்கு முந்திக்கொண்டது.

"இந்த வருஷம் ரிஷி பஞ்சமிக் காய் பதினாறு வீட்டுக்கும் மாடியிலிருந்து நான் தரேன். தரலைன்னா மறுநாளே தொட்டியை எல்லாம் நானே இறக்கிடறேன்!"

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் ரிஷி பஞ்சமி. அன்றைக்கு மராட்டியப் பெண்கள் மாடு உழுத நிலத்தில் விளைந்த எதையும் தொடமாட்டார்கள். வருஷமெல்லாம் நமக்காக உழைக்கிற மாட்டின் உழைப்பை அந்த ஒருநாள் சாப்பிடக்கூடாது என்பது கட்டுப்பாடு. மனுஷக் கையால் மட்டும் வளர்த்த வெள்ளரி, பறங்கி, பீர்க்கு, சேப்பங்கீரை எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவைத்து அதையே உண்பார்கள். கடையில் வாங்கினால், "கையால் வளர்த்ததுதான் தாயி" என்று கடைக்காரன் சொல்வதை நம்பித் தொலைக்க வேண்டும். ஆகவே கூட்டத்தில் இருந்த பெண்களெல்லாம் கைதட்டினார்கள். ஜோக்லேகர் மட்டும் கைதட்டவில்லை. வைஜயந்தி சொன்னதை வார்த்தை பிசகாமல் நோட்டில் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"பதினாறு வீட்டுக்குமா?" என்று வீட்டுக்கு வந்ததும் ஜம்புநாதன் கேட்டார். "நம்மாத்துக்கே நீ இதுவரைக்கும் ரெண்டு பச்சமொளகாதானேடி கொடுத்திருக்கே!"

"சும்மா இருங்கோன்னா. சொல்லி, கையெழுத்தும் போட்டாச்சு."

ஜூன் முதல் வாரம் விதை ஊன்றினாள். மழை சரியாக வந்தது. கொடிகள் மூங்கில் பந்தலில் ஏறின ஏற்றத்தைப் பார்க்க வேண்டுமே! ஜூலை நடுவில் பந்தல் முழுக்க மஞ்சள் பூ. வைஜயந்திக்குத் தலைகால் புரியவில்லை. அடியில் குட்டிக் காயோடு வருகிற ஒவ்வொரு பூவின் காம்பிலும் ஒரு நூல் கட்டி, பூ விரிந்த தேதியை எழுதி ஓர் அட்டை தொங்கவிட்டாள். தொழிற்சாலையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இப்படித்தான் அட்டை கட்டுவார்கள். எது எந்த நாளில் உருவானது என்று தெரியாமல் எதையும் அங்கே வெளியே விடமாட்டார்கள். அடியில் காய் இல்லாத பூவை, கொடிக்கு வீண் பாரம் என்று, தினமும் விடிவதற்குள் கிள்ளி எருவில் போட்டாள்.

ஆனால் காய்? சுண்டுவிரல் நீளம் வரும், மஞ்சளாகும், சுருங்கும், பொத்தென்று விழும். பத்து அட்டை, இருபது அட்டை, முப்பது அட்டை, எல்லாம் தரையில். வைஜயந்தி விசாரணையைத் தொடங்கினாள். மண்? சரி. தண்ணீர்? சரி. வெயில்? மழைக்காலத்துக்கு இது போதும். மோர்க் கரைசலை ஒருவாரம் நிறுத்திப் பார்த்தாள், பிறகு இரட்டிப்பாக ஊற்றிப் பார்த்தாள். நாலாவது மாடிக்காரி கண் வைத்துவிட்டாளோ என்று மிளகாய்கூடச் சுற்றிப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் பிள்ளையாரிடம் போனாள். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தினமும் என் மாடியில் பூத்த நூற்றெட்டுப் பூவால் அர்ச்சனை செய்கிறேன், என் கொடியைக் காய்க்க வை என்று வேண்டிக்கொண்டாள். கணக்குப் பார்த்தால் நாற்பத்தெட்டாவது நாள் சரியாகச் சதுர்த்தியில் வந்து விழுந்தது. பிள்ளையாரே தேதி கொடுத்துவிட்டார் என்று அவளுக்கு மெய்சிலிர்த்தது.

அன்று முதல் விடியற்காலை ஐந்தரைக்குப் பூக்கூடையோடு மாடி ஏறுவாள். செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ, துளசிக் கதிர் எல்லாம் சேர்த்தாலும் அறுபது தேறும். மீதி நாற்பத்தெட்டுக்கு எங்கே போவது? பந்தலைப் பார்த்தாள். அங்கே இரண்டு வகைப் பூ இருந்தது. அடியில் குட்டிக் காயோடு ஒன்று, வெறும் காம்போடு ஒன்று. காய் உள்ளது அட்டை கட்டியாயிற்று, அதைத் தொடக்கூடாது. வெறும் காம்பு? காய்க்காத பூ, எப்படியும் எருவுக்குத்தான் போகிறது! முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாகப் பிரித்தது. ரிஜெக்ட், ரிஜெக்ட், ரிஜெக்ட். ஒன்று விடாமல் கூடைக்குள் போயிற்று. ஒதுக்கினதைச் சாமிக்குப் போடுகிறோமே என்று முதல் நாள் கொஞ்சம் உறுத்தியது. எருக்கம்பூவையே வாங்கிக்கொள்கிறவர் பறங்கிப்பூவையா வேண்டாம் என்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆறு மணிக்குள் மாடி துடைத்துவைத்த மாதிரி ஆகிவிடும். பூஜை அறையில் பிள்ளையார் கழுத்துவரை பூவில் மூழ்கியிருப்பார்.

இப்படிப் பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள், ஆகஸ்ட் எட்டாம் தேதி, பூப்பறிக்கக் கிளம்புமுன்பே போன் வந்தது. ஊரின் மறுபக்கம் விமான் நகரில் தனியாகத் தங்கி ஐ.டி. வேலை பார்க்கும் மகள் ஸ்நேஹா படியில் கால் பிசகி விழுந்துவிட்டாள். வைஜயந்தி கணவரிடம் பூக்கூடையை ஒப்படைத்து, நூற்றெட்டு என்றால் நூற்றெட்டு, வெறும் காம்போடு இருப்பதைப் பறிக்கலாம், அடியில் குட்டிக் காய் உள்ளதைத் தொடக்கூடாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டு ஓடினாள். அங்கிருந்து தினமும் போன்.

"ஏன்னா, அர்ச்சனை ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு. பிள்ளையார் மூச்சுவிட எடமில்லாம இருக்கார்."

மூன்றாம் நாள் ஸ்நேஹாவே விரட்டிவிட்டாள். "அம்மா, நான் ஏக்தம் டீக், நன்னா இருக்கேன். நீ டென்ஷன் மத் லோ. உன் மனசு அங்கே டெரஸ்லதான் இருக்கு, போ."

ஊருக்குள்ளேதான் பயணம் என்றாலும் வைஜயந்தி ஏதோ காசி போய்த் திரும்பியவள் போல ஓடிவந்து, மறுநாள் ஐந்தரைக்கே பூப்பறிக்கக் கிளம்பிவிட்டாள். தான் இல்லாதபோது விரிந்து வாடிய பூக்களுக்கும், வாட்டத்தைப் பார்த்துத் தேதி கணித்து அட்டை கட்டினாள்.

ஒருவாரம் கழித்துத்தான் அது நடந்தது. சேப்பங்கீரைக்குத் தண்ணீர் விட்டு நிமிர்ந்தவளின் நெற்றியில் ஏதோ குளுமையாக இடித்தது. வெள்ளரிக்காய்! சுண்டுவிரல் அளவு இல்லை, அரை முழம். பச்சைப்பசேலென்று, குண்டாக, காம்பு கெட்டியாக. வைஜயந்தி போட்ட கூச்சலில் புறாக்கள் பறந்தன. தேடினாள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று, பீர்க்கில் இரண்டு, தரையில் ஓடின பறங்கிக் கொடியில் எலுமிச்சை அளவில் ஒன்று. மொத்தம் ஒன்பது. அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எட்டு. ஒன்பது. பத்து. எட்டு. பத்து. ஒன்பது காயிலும் அந்த மூன்று தேதிதான். ஏழாம் தேதி அட்டையும் பதினொன்றாம் தேதி அட்டையும் வழக்கம்போலத் தரையில் கிடந்தன.

அந்த மூன்று நாளும் அவள் வீட்டிலேயே இல்லையே! ஜம்புநாதன் என்னவோ செய்திருக்கிறார். என்ன உரம் போட்டார்? என்ன மந்திரம் சொன்னார்? விடுவிடுவென்று இறங்கி வந்தாள்.

"ஏன்னா, நான் இல்லாத மூணு நாள் மாடியில என்ன பண்ணினேள்?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முகம் பேப்பருக்குப் பின்னால் மறைந்தது. "என்ன பண்ணினேன்? நீ சொன்னதைத்தான் பண்ணினேன்."

"பேப்பரைக் கீழே வையுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ."

"நூத்தெட்டுப் பூ போட்டேன்டி."

"எங்கேர்ந்து பறிச்சேள்?"

பேப்பரை மடித்து வைத்தார். "வைஜூ, கோவிச்சுக்காதே. எனக்கு முட்டிவலி. அதுவும் மழை. மாடிப்பக்கமே போகலை. பஸ் ஸ்டாப்பாண்ட பூக்காரி இருக்காளோல்லியோ, அவகிட்ட சாமந்தி வாங்கி எண்ணிப் போட்டேன். எண்ணிக்கையில கொறை வைக்கலை, சத்தியமா!"

வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். வைஜயந்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மூன்று நாளும் மாடியில் ஒன்றும் நடக்கவில்லை. உரம் இல்லை, மந்திரம் இல்லை, பூப்பறிக்கவும் ஆள் இல்லை. அங்கே இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது அவள் கை!

மறுநாள் ஐந்தரைக்குக் கூடை இல்லாமல் மாடி ஏறினாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு மணி, ஆறரை, ஒன்றுமில்லை. கை பரபரத்தது, இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஏழு மணிக்கு மழை விட்டு வெளிச்சம் வந்ததும் எங்கிருந்தோ ஒரு தேனீ வந்தது. பின்னாலேயே ஐந்தாறு. அப்புறம் கட்டைவிரல் தடிமனில் ஒரு கருவண்டு, ஊரையே கூட்டுகிற ரீங்காரத்தோடு. எல்லாம் போய் விழுந்தது எங்கே? அவள் ரிஜெக்ட் என்று ஒதுக்கிவந்த வெறும் காம்புப் பூக்களில்! உள்ளே புரண்டுவிட்டு, மஞ்சள் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி உடம்பெல்லாம் பொடியோடு வெளியே வந்து, அட்டை கட்டிய பூவுக்குள் நுழைந்தன. அந்தப் பொடி இல்லாமல் அந்தக் காய் இல்லை. வெறும் காம்புப் பூ ஆண் பூ. அதைத்தான் விடிவதற்குள் மொத்தமாக வழித்து எடுத்துவிட்டு, காய்க்க வை, காய்க்க வை என்று அதையே போட்டுப் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தேனீக்களும் பாவம், வந்து பார்த்திருக்கும். துளசிக் கதிர்கூட மிச்சமில்லாத மாடியில் அவற்றுக்கு என்ன வேலை?

வைஜயந்திக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. கோணல் சக்கரத்துக்கு எத்தனை பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பாள்! இங்கே கோணல் அவளிடமே இருந்தது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. ஆனால் வேண்டுதல்? இன்னும் இருபத்தாறு நாள் பாக்கி. சாமிக்குச் சொன்ன சொல்லைப் பாதியில் விட்டால் பொல்லாப்பு வருமோ என்று நிஜமாகவே பயந்தாள். ஒரு பக்கம் பிள்ளையார், ஒரு பக்கம் ஜோக்லேகர் நோட்டு. பூக்காரியிடமே மீதி நாளும் வாங்கிவிடலாம் என்று ஜம்புநாதன் சொன்னதை அவள் ஏற்கவில்லை. "என் மாடிப் பூன்னு வேண்டிண்டேன். நீங்க பண்ணின மூணு நாளுக்கே நான் தனியா மன்னிப்புக் கேக்கணும்."

"அப்படின்னா பூவைக் கீழே கொண்டுவராதே, பிள்ளையாரை மேலே கொண்டுபோ" என்றார் அவர், தப்பித்தால் போதும் என்று.

விளையாட்டாகத்தான் சொன்னார். வைஜயந்தி அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல நீங்க சொன்ன முதல் உருப்படியான வார்த்தை" என்றாள்.

மறுநாளிலிருந்து பித்தளைப் பிள்ளையார் புடவைத் தலைப்பில் பத்திரமாக மாடி ஏறினார். பந்தலடியில் மனைப்பலகை. வைஜயந்தி தொட்டி தொட்டியாக நடந்து, ஒவ்வொரு பூவின் முன்னாலும் நின்று, பறிக்காமல் விரல் நுனியால் காட்டி, ஒரு நாமம் சொல்லுவாள். சுமுகாய நமஹ, அடுத்த பூ. ஏகதந்தாய நமஹ, அடுத்த பூ. நூற்றெட்டுக்கு முக்கால் மணி ஆயிற்று. சிலசமயம் காட்டிய பூவுக்குள் தேனீ இருக்கும். அது வெளியே வரும்வரை அந்த நாமத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு காத்திருப்பாள். துளசியைக் கதிர்விட விட்டாள். ஓர் ஓரத்தில் அகலத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தாள், தேனீ உட்கார்ந்து குடிக்கட்டும் என்று.

தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்த ஜோக்லேகர், செடியோடு பேசுகிற இந்த அம்மாளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு தேனீ அவர் காதருகே போனதும், "வஹினி! மாஷி! மாஷி!" என்று ஈயை மராத்தியில் சொல்லி அலறினார்.

"கையை வீசாதீங்க சாகேப். அசையாம நில்லுங்க. அது ட்யூட்டியில இருக்கு, உங்களைக் கவனிக்க அதுக்கு நேரமில்லை."

அவர் சிலையாக நின்றார். தேனீ போயிற்று. அன்றிலிருந்து மனிதர் மாடிக்கு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருவார்.

காய் என்றால் காய், அப்படி ஒரு காய்ப்பு. வெள்ளரி பந்தலைக் கீழே இழுத்தது. ரிஷி பஞ்சமியன்று காலை ஜம்புநாதனும், கால் சரியாகி வந்திருந்த ஸ்நேஹாவும், பதினாறு துணிப்பைகளை நிரப்பினார்கள். வெள்ளரி, பீர்க்கு, பறங்கிப் பிஞ்சு, சேப்பங்கீரை, தண்டுக்கீரை. வீடு வீடாகப் பிரிப்பானேன், முதல் வருஷம், எல்லோரும் ஒன்றாகவே சமைத்துச் சாப்பிடலாம் என்று ஜோக்லேகரின் மனைவி சுமதி சொல்லிவிட்டாள். கட்டடத்தில் விரதம், சடங்கு எதுவானாலும் அவள் சொன்னதுதான் தீர்ப்பு. எல்லோருக்கும் அவள் சுமதிதாயி, மூத்த அக்கா.

அவள் வீட்டுக் கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஆவி பறக்கும் பெரிய பாத்திரம். ஜோக்லேகர் கூட்ட நோட்டோடு ஓரமாக நின்றார். சுமதிதாயி கரண்டியை எடுத்து, வழக்கப்படி கேட்டாள்.

"வைஜயந்தி, இதுல மாட்டு உழைப்பு எதுவும் இல்லையே? எல்லாம் உன் கையால வளர்த்ததுதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வாசலில் நின்ற ஜம்புநாதன் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் தன் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதற்கும் வைஜயந்தி கையெழுத்துப் போட்டதில்லை.

"மாடு இல்லை தாயி. ஆனா என் கையாலன்னும் சொல்ல முடியாது. என் கை பட்டவரைக்கும் ஒரு காய்கூடத் தங்கலை. நான் கையை எடுத்தப்புறம் தேனீதான் இவ்வளவையும் காய்க்க வெச்சது. மண்ணும் தண்ணியும் நான். மீதி உழைப்பு அதுங்களோடது."

இரண்டாவது மாடிப் பெண் ஒருத்தி மெதுவாக, "அப்போ இதுவும் ஒரு ஜீவனோட உழைப்புதானே? இன்னிக்குச் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். ஒருத்தி தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். வைஜயந்தி அந்தத் தட்டையே பார்த்தாள். ஐந்து மாசம் பட்ட பாடும் இந்த ஒரு நிமிஷத்தில் போய்விடும் போலிருந்தது. இருந்தாலும் சொன்னதை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

சுமதிதாயி கரண்டியைப் பிடித்தபடி யோசித்தாள்.

"மாட்டை நாம நுகத்துல பூட்டறோம். அடிக்கிறோம். வரமாட்டேன்னு சொல்ல அதால முடியாது. அதனாலதான் வருஷத்துல இந்த ஒருநாள் கட்டுப்பாடு" என்றாள். "தேனீயை யாரு பூட்டினாங்க? இவ மாடி பிடிக்கலைன்னா அது பக்கத்து மாடிக்குப் போயிருக்கும். தானா வந்துச்சு, சாப்பிட்டுச்சு, போயிடுச்சு. அது நமக்கு உழைக்க வந்த ஆள் இல்லை. விருந்தாளி. விருந்தாளி வந்துபோன வீட்டுல சாப்பிட என்ன தடை?"

சொல்லிவிட்டு முதல் கரண்டியை வைஜயந்தியின் தட்டில் போட்டாள். தள்ளி வைத்த தட்டு தானாக முன்னால் வந்தது. கூடமே ஒரே பேச்சும் சிரிப்புமாயிற்று.

ஜோக்லேகர் சுவரில் நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு நாலு வரி எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். "மொட்டைமாடித் தோட்டம் தொடரலாம். விருந்தாளிகள் வந்துபோக யாரும் தடை செய்யக்கூடாது." படித்துவிட்டு நோட்டையும் பேனாவையும் வைஜயந்தியிடம் நீட்டினார்.

அவளுக்கு எழுத்தே தெரியவில்லை, கண்ணில் அவ்வளவு தண்ணீர். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

"தேதி போடலையே சாகேப்" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.